எழுத்துரு தயார், எழுத்து எங்கே?

புது தில்லி: மத்திய அரசின் அமைச்சகங்கள், துறைகள் ஆகியவற்றின் இணையதளங்கள் அனைத்தும் ஒரே முகத்தோடு தோன்ற வேண்டும் என்ற நோக்கத்தில், மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2025 பிப்ரவரி 18-ஆம் தேதி தில்லியில் ஒரு கையேட்டை வெளியிட்டது. துறை இணை அமைச்சர் ஜிதின் பிரசாதா வெளியிட்ட அக்கையேடு, சின்னம் எங்கே இடம்பெற வேண்டும், எந்த வண்ணத் தொகுதியைப் பயன்படுத்த வேண்டும் என்பனவற்றோடு, எழுத்துகள் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதையும் வரையறுத்தது. அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எழுத்துருவின் பெயர் 'நோட்டோ சான்ஸ்'.

வண்ணமும் சின்னமும் பற்றிய விதிகளை அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடலாம். எழுத்து வடிவம் பற்றிய விதியை அப்படி விட்டுவிட இயலாது. மொழியை முன்னிட்டு ஆட்சிகள் மாறிய நாடு இது. அரசமைப்புச் சட்டத்தின் 343-ஆவது பிரிவு, தேவநாகரி எழுத்தில் எழுதப்படும் இந்தியே ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்று சொல்லும்போது, மொழியோடு எழுத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எண்களைப் பற்றியும் அதே பிரிவு பேசுகிறது: இந்திய எண்களின் சர்வதேச வடிவமே அலுவல் பயன்பாட்டுக்குரியது. 2016 நவம்பரில் புதிய 500, 2,000 ரூபாய்த் தாள்களில் தேவநாகரி எண்கள் இடம்பெற்றபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடரப்பட்டது இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டித்தான்.

எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளை எழுத இன்று 12 எழுத்து முறைகள் தேவைப்படுகின்றன. ஆங்கிலத்துக்குரிய ரோமன் எழுத்தையும் சேர்த்தால் 13. இவை அனைத்துக்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த, ஒன்றோடொன்று இணங்கி நிற்கும், கட்டணம் இல்லாத எழுத்துரு வேண்டும் என்று தேடினால் கிடைப்பவை மிகச் சில. நோட்டோ தேர்வானதற்கு அதுவே முதன்மையான காரணமாக இருக்க முடியும்.

வெற்றுப் பெட்டிகளின் பகை

நோட்டோ என்ற பெயருக்கு ஒரு வேடிக்கையான பின்னணி உண்டு. கணினியில் ஓர் எழுத்தைக் காட்டுவதற்குரிய எழுத்துரு இல்லையென்றால், அந்த இடத்தில் ஒரு வெற்றுப் பெட்டி தோன்றும். ஜப்பானியர்கள் உண்ணும் சோயா பாலாடைக் கட்டியான 'டோஃபு'வைப் போல அது இருப்பதால், கணினித் துறையினர் அதற்கு அப்பெயரையே சூட்டிவிட்டனர். டோஃபு இல்லாத நிலை என்பதைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே நோட்டோ. 2000-களின் தொடக்கத்தில் இணையத்தில் தமிழ் படிக்க முயன்றவர்களுக்கு இந்தப் பெட்டிகள் அந்நியமானவை அல்ல.

கூகுள் நிறுவனமும், எழுத்துரு வடிவமைப்பில் நீண்ட அனுபவம் உள்ள மோனோடைப் நிறுவனமும் 5 ஆண்டுகள் இணைந்து செய்த பணியின் விளைவாக, 800-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கான நோட்டோ எழுத்துருத் தொகுதி 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. இன்று அது 150-க்கும் மேற்பட்ட எழுத்து முறைகளையும் 1,000-க்கும் மேற்பட்ட மொழிகளையும் தொட்டிருக்கிறது. ரோமன் எழுத்துகளுக்கான அதன் வடிவம் திடீரென்று முளைத்ததன்று. அமெரிக்க வடிவமைப்பாளர் ஸ்டீவ் மேட்சன் முதலில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்காக 'டிராய்டு சான்ஸ்' எழுத்துருவை வரைந்தார். அதிலிருந்து 'ஓப்பன் சான்ஸ்' பிறந்தது. அதன் வழிவந்ததே நோட்டோ சான்ஸ். சிறிய கைப்பேசித் திரையில், மங்கிய வெளிச்சத்தில், அவசரமாகப் படிப்பவரின் கண்ணுக்காக வரையப்பட்ட எழுத்து என்ற பூர்விகம் அதன் ஒவ்வொரு கோட்டிலும் தெரிகிறது. உட்புறம் அகன்று திறந்திருக்கும் வளைவுகள், சீரான தடிமன், அலங்காரம் ஏதுமில்லாத முனைகள்.

'செரிப்' என்பது ரோமன் எழுத்தின் முனைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு குச்சம். நாளிதழ்களின் ஆங்கிலப் பதிப்புகளில் செய்திப் பகுதி பெரும்பாலும் அத்தகைய எழுத்தில் அச்சாகும். 'சான்ஸ்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு 'இல்லாமல்' என்று பொருள். குச்சம் இல்லாத எழுத்து 1816-இல் லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லான் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில் முதன்முதலாக அச்செழுத்தாகத் தலைகாட்டியது. சாலைப் பலகை, ரயில் நிலையம், கணினித் திரை என்று அதன் ஆட்சி பின்னர் விரிந்தது.

இந்திய எழுத்துகளுக்கு இந்தப் பாகுபாடு பொருந்துமா என்பது நியாயமான கேள்வி. தமிழுக்கோ தேவநாகரிக்கோ செரிப் என்ற உறுப்பே கிடையாது. பனையோலையில் எழுத்தாணியும், காகிதத்தில் நாணல் பேனாவும் தந்த வடிவங்கள் இவை. தேவநாகரியில் பேனாவின் சாய்வால் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் கோடுகள் அமையும். அந்தத் தடிமன் வேறுபாட்டைக் குறைத்துக் கோட்டைச் சமப்படுத்துவதே இந்திய எழுத்துகளில் 'சான்ஸ்' எனப்படுகிறது. குச்சத்தை நீக்குவதல்ல, பேனாவின் தடத்தை நீக்குவது. இதில் இழப்பும் உண்டு, ஆதாயமும் உண்டு.

எச்-கே-கே-ஜே-ஆர்

நோட்டோவின் வருகை ஏன் பொருட்படுத்தத்தக்கது என்பதை அறிய, இந்தி பேசும் மாநிலங்களின் அரசு அலுவலகங்களில் பல ஆண்டுகள் கோலோச்சிய 'கிருதி தேவ்' எழுத்துருவை நினைவுகூர வேண்டும். இந்தித் தட்டச்சுப் பொறியான ரெமிங்டனின் விசையமைப்பைப் பின்பற்றியதால், தட்டச்சர்கள் அதனைக் கைவிட மறுத்தனர். ஆனால் அதன் உள்ளமைப்பு ஒரு மாயவித்தை. திரையில் தேவநாகரி தெரியும். கணினியின் நினைவகத்தில் இருப்பதோ ரோமன் எழுத்து. 'பாரத்' என்று இந்தியில் அடித்தால் உள்ளே பதிவாவது எச்-கே-கே-ஜே-ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், நாட்டின் பெயரே அந்த ஐந்து எழுத்துகளாகக் கிடக்கும்.

இதனால் அந்தக் கோப்புகளில் ஒரு சொல்லைத் தேட முடியாது. வேறு மென்பொருளுக்கு மாற்ற முடியாது. தேடுபொறிகள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. பார்வையற்றவர்களுக்கு எழுத்தை வாசித்துக் காட்டும் மென்பொருளோ, ஆணையின் வாசகத்துக்குப் பதிலாக எச், கே, கே என்று உளறும். ஓர் அரசாணை வெளியிடப்பட்டும் வெளியிடப்படாததற்குச் சமமாகும் நிலை இது.

தமிழும் இந்தத் துன்பத்திலிருந்து தப்பவில்லை. தமிழகத்தில் 'வானவில்', இலங்கையில் 'பாமினி' என்று ஆளுக்கொரு குறியீட்டு முறை நிலவியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் '99 மாநாட்டுக்குப் பின் 'டாம்', 'டாப்' என்ற தரங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் அறிவிக்கப்பட்டன. இறுதியில் 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியை, அதாவது யூனிகோடை, ஏற்று ஆணையிட்டது. செம்மொழி மாநாடு கோவையில் நடந்துகொண்டிருந்த நாள்கள் அவை.

ஒருங்குறி என்பது எழுத்துரு அன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். உலகின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைத் தருவது ஒருங்குறி. அந்த எண்ணுக்கு உருவம் தருவது எழுத்துரு. இந்திய மொழிகளில் இந்த இரண்டாவது வேலை எளிதன்று. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொண்டால், நினைவகத்தில் 'க' முதலிலும் ஒகரக் குறி அதன் பின்னும் இருக்கும். திரையிலோ கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். தேவநாகரியில் இகரக் குறி பின்னால் அடிக்கப்பட்டு முன்னால் தோன்றும். மெய்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூட்டெழுத்தாகும். இந்த இலக்கணம் முழுவதையும் எழுத்துருவுக்குள் விதிகளாக எழுதி வைக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகளை இரு வடிவில் வரைந்தால் முக்கால் வேலை முடிந்துவிடும். தேவநாகரிக்கு நூற்றுக்கணக்கான வடிவங்கள் தேவைப்படும்.

இந்தத் துறையில் இந்தியர்களின் பங்கு சிறியதன்று. விண்டோஸ் 2000 இயங்குதளத்தோடு இந்திக்கு 'மங்கள்', தமிழுக்கு 'லதா' என்ற ஒருங்குறி எழுத்துருக்கள் வந்தன. மங்கள் எழுத்துருவை வடிவமைத்தவர், மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில்வடிவமைப்பு மையத்தில் பேராசிரியராக இருந்த ஆர்.கே. ஜோஷி. எழுத்தோவியராகவும் மராத்திக் கவிஞராகவும் அறியப்பட்ட அவர் 2008-இல் காலமானார். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2005-இல் இந்திய மொழி மென்பொருள்களையும் எழுத்துருக்களையும் குறுந்தகடுகளில் இலவசமாக வழங்கியபோது, ஏப்ரலில் முதல் தகடு தமிழுக்கே வந்தது; இந்திக்கு ஜூனில் வந்தது. தகவல் தொழில்நுட்பத் துறை அப்போது தயாநிதி மாறனிடம் இருந்தது என்பதை நாடாளுமன்ற வட்டாரத்தினர் மறந்திருக்க மாட்டார்கள். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கிய 'இணைமதி' எழுத்துரு, ஆப்பிள் கணினிகளில் அதே காலத்தில் இடம்பெற்றது.

தரம் வந்துவிட்டதால் பழக்கம் மாறிவிடவில்லை. வட மாநிலங்களில் தட்டச்சர் பணிக்கான தேர்வு அறிவிப்புகளில், சோதனை கிருதி தேவிலா, மங்களிலா என்பதே தேர்வர்களின் முதல் கேள்வியாகப் பல ஆண்டுகள் இருந்துவந்தது. எழுத்துரு மாறினால் விசையமைப்பு மாறும்; விசையமைப்பு மாறினால் விரலின் வேகம் குறையும்; வேகம் குறைந்தால் வேலை போகும். வடிவமைப்பாளர்களின் விவாதங்களில் இந்த இளைஞர்களுக்கு இடம் கிடைப்பதில்லை.

ஒரே வரியில் இரண்டு எழுத்து

1963-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின் 3(3) பிரிவின்படி தீர்மானங்கள், பொது ஆணைகள், விதிகள், அறிவிக்கைகள், நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படும் ஆவணங்கள் முதலியன இந்தி, ஆங்கிலம் ஆகிய இரண்டிலும் வெளிவர வேண்டும். ஆகவே தில்லியின் காகிதங்களில் இரு எழுத்துகளும் அருகருகே நிற்பது அன்றாடக் காட்சி. ஒரே அளவில் அச்சிட்டாலும் ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் தோன்றுவது இதில் உள்ள பழைய தொல்லை. ரோமன் எழுத்து கீழ்க்கோட்டின் மீது நிற்கிறது. தேவநாகரியோ தலைக்கோட்டிலிருந்து தொங்குகிறது. அதற்கு மேலும் கீழும் குறிகள் உண்டு. இரண்டின் உயரத்தையும் தடிமனையும் இசைவித்து, பக்கத்தைப் பார்க்கும்போது எந்த மொழியும் மேலோங்கித் தெரியாதபடி செய்வது நுட்பமான வேலை. நோட்டோ இதில் தேறுகிறது என்றே சொல்லலாம். பழைய அரசுத் தளங்களில் பளிச்சென்ற ஆங்கிலத்தின் பக்கத்தில் மெலிந்து கிடந்த இந்தியையும் தமிழையும் பார்த்தவர்களுக்கு வேறுபாடு புரியும்.

தமிழின் சிக்கல் வேறு. அது உயரத்தில் அடங்குகிறது, அகலத்தில் அடங்குவதில்லை. 'ஔ', 'ணை', 'ஞௌ' போன்றவை ரோமன் எழுத்தைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அலுவல் தமிழின் சொற்களோ நீளமானவை. ஆங்கிலச் சொல்லை அளந்து செய்த பொத்தானில் 'விண்ணப்பிக்கவும்' என்று எழுதினால் பாதிச் சொல் வெளியே நிற்கும். 'ண', 'ன' ஆகியவற்றின் சுழிகள் சிறிய அளவில் அடைபட்டு ஒன்றுபோல் தோன்றும் ஆபத்தும் உண்டு. நோட்டோ தமிழ் எழுத்துருவில் சுழிகள் அகன்று, உள்ளே வெளிச்சம் தெரியும்படி வரையப்பட்டுள்ளன. மெனு, பொத்தான் போன்ற குறுகிய இடங்களுக்கென உயரத்தைச் சுருக்கிய தனி வகைகளையும் நோட்டோ குழுவினர் தேவநாகரி, தமிழ் முதலிய எழுத்துகளுக்கு வெளியிட்டனர்.

தமிழர்களுக்கு இன்னொரு செய்தியும் இதில் உண்டு. முந்திரி, மாகாணி, அரைக்கால் போன்ற பழைய பின்ன எண்களுக்கும், நில அளவை, முகத்தல் அளவைக் குறியீடுகளுக்கும் 2019-இல் ஒருங்குறியின் 12-ஆவது பதிப்பு தனி இடம் ஒதுக்கியது. மொத்தம் 51 குறியீடுகள். இவற்றுக்கும் நோட்டோவில் உருவம் இருக்கிறது. பழைய பத்திரங்களைக் கணினியில் ஏற்ற நினைக்கும் ஆய்வாளருக்கு இது எத்தனை பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குறையே இல்லாத எழுத்துரு என்றும் கருதிவிடக் கூடாது. குச்சம் இல்லாத ரோமன் எழுத்துகளின் பொதுவான பலவீனம் நோட்டோவுக்கும் உண்டு. பூஜ்யத்துக்கும் 'ஓ'வுக்கும் உள்ள வேறுபாடு அகலத்தில் மட்டுமே. கதை படிப்பவருக்கு இது பொருட்டன்று. வங்கிக் கிளையின் 11 இடக் குறியீட்டில் ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யமே வரும் என்பதை அறியாமல் 'ஓ' என்று நிரப்பும் முதியவருக்கு, உதவித்தொகை வந்து சேருமா சேராதா என்பதே இதில் இருக்கிறது. வருமான வரி நிரந்தரக் கணக்கு எண்ணிலும் இதே குழப்பம் நேரலாம். ஐயத்தை நீக்கும் மாற்று வடிவங்கள் நோட்டோவுக்குள்ளேயே கிடைக்கின்றன. எண்களையும் எழுத்துகளையும் கலந்து காட்டும் இடங்களில் அவற்றையே பயன்படுத்தலாம்.

அரசியலும் எழுத்தும்

எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது எங்கும் அரசியலற்ற செயலாக இருந்ததில்லை. பிரிட்டன் அரசு 2012-இல் தன் தளங்களை ஒரே முகவரியில் இணைத்தபோது, அந்நாட்டுச் சாலைப் பலகைகளில் பழகிய எழுத்தின் புதிய வடிவத்தையே தேர்ந்தெடுத்தது. அமெரிக்க வெளியுறவுத் துறை 2023-இல், அன்றைய அமைச்சர் ஆன்டனி பிளிங்கனின் உத்தரவுப்படி, பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் வசதி கருதி 'டைம்ஸ் நியூ ரோமன்' எழுத்தை விடுத்துக் குச்சமற்ற 'காலிப்ரி'க்கு மாறியது. 2025 டிசம்பரில் மார்கோ ரூபியோ அதனை மாற்றிப் பழைய எழுத்தையே மீண்டும் கொண்டுவந்தார். ஆட்சி மாறினால் எழுத்துருவும் மாறும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. பாகிஸ்தானில் இதே காலிப்ரி வேறொரு வேலை செய்தது. 2006 பிப்ரவரி தேதியிட்டு நவாஸ் ஷெரீப் குடும்பத்தினர் தாக்கல் செய்த ஆவணம், 2007-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த எழுத்துருவில் இருந்ததை விசாரணைக் குழு 2017-இல் சுட்டிக்காட்டியது. ஷெரீப் பதவி இழந்தது வேறு காரணத்தால் என்றாலும், மக்கள் நினைவில் நின்றது எழுத்துருதான்.

இந்தியாவில் ரூபாய்க் குறியீட்டின் கதையும் இத்தகையதே. தமிழகத்தைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த குறியீட்டை 2010 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் ஒருங்குறியில் அதற்கு எண் கிடைத்தது. தேவநாகரி 'ர'வையும் ரோமன் 'ஆர்' எழுத்தையும் இணைத்த அதுவும் குச்சமற்ற வடிவமே. 2025 மார்ச்சில் தமிழக நிதிநிலை அறிக்கையின் இலச்சினையில் அக்குறியீட்டுக்குப் பதிலாக 'ரூ' இடம்பெற்றபோது தில்லியில் எழுந்த சர்ச்சை, ஒரே ஓர் எழுத்து எவ்வளவு கனமானது என்பதைக் காட்டியது.

உருது இடிக்கிறது

எல்லா மொழிகளுக்கும் ஒரே தோற்றம் என்ற கொள்கை முதலில் தடுக்கி விழும் இடம் உருது. அரபு வழி எழுத்தில் 'நஸ்க்', 'நஸ்தாலிக்' என இரு மரபுகள் உண்டு. நஸ்க் நேர்க்கோட்டில் செல்லும், கணினிக்கு எளிது. உருது வாசகர்கள் விரும்புவதோ நஸ்தாலிக்கை. அதில் ஒவ்வொரு சொல்லும் வலப்புறம் மேலே தொடங்கி, இடப்புறம் கீழே சரிந்து இறங்கும். ஒரு சொல்லுக்கே இரண்டு வரி உயரம் தேவைப்படும். எழுத்தின் வடிவம் அடுத்த எழுத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும்.

இதனால்தான் அச்சுக் காலத்திலும் உருது இதழ்கள் 'காதிப்' எனப்படும் எழுத்தர்களைக் கொண்டு கையால் எழுதிக் கல்லச்சில் ஏற்றின. தில்லி ஜாமா மசூதியை ஒட்டிய உருது பஜாரில் அவர்கள் வரிசையாக அமர்ந்திருந்த காலம் உண்டு. சென்னை திருவல்லிக்கேணியில் 1927-இல் தொடங்கிய 'முசல்மான்' நாளிதழ், கணினி யுகம் வந்த பிறகும் பல பதிற்றாண்டுகள் கையெழுத்திலேயே வெளிவந்தது. 1981-இல் மிர்சா அகமது ஜமீல் ஆயிரக்கணக்கான சொல்வடிவங்களை வரைந்து தந்த 'நூரி நஸ்தாலிக்' மூலம் லாகூரில் முதல் மாற்றம் நேர்ந்தது. அதனைச் சாதாரணக் கணினிக்குக் கொண்டுவந்த 'இன்பேஜ்' மென்பொருள் 1994-இல் தில்லியில் உருவானது. எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் உருது இதழ்கள் அதைக் கொண்டே அச்சாயின.

நோட்டோவிலும் நஸ்தாலிக் உண்டு, தனியொரு எழுத்துருவாக. அது 'சான்ஸ்' குடும்பத்தில் சேராது. தளத்தின் ஒரு வரி உயரத்துக்குள் அடக்கினால் தலையும் காலும் வெட்டுப்படும். அடக்காவிட்டால் ஒரே தோற்றம் என்ற விதி உடையும். உருது, காஷ்மீரி வாசகர்களுக்கு நஸ்க் போதும் என்று முடிவு செய்தால், படிக்க முடியும். தம்முடையது என்ற உணர்வு இராது. சீர்மையை விட வாசகரே பெரிது என்று கொண்டு, இந்த மொழிகளுக்கு வரி உயரத்தை அதிகப்படுத்தித் தருவதே முறை.

மறுமுனையில் நோட்டோவால் உண்மையிலேயே உயர்வு பெற்றவை சிறிய மொழிகள். சந்தாலி மொழிக்காக ரகுநாத் முர்மு 1925-இல் வகுத்த 'ஒல் சிகி' எழுத்து, 2008-இல் ஒருங்குறியில் சேர்ந்தது. மணிப்புரியின் 'மைதேயி மயேக்' 2009-இல் சேர்ந்தது. வணிக நிறுவனங்களுக்கு லாபம் தராத இந்த எழுத்துகளுக்கு இந்தி, தமிழ் ஆகியவற்றுக்கு உள்ள அதே தரத்தில் எழுத்துரு கிடைத்தது நோட்டோ போன்ற திட்டங்களால்தான். 2003-இல் எட்டாவது அட்டவணையில் சேர்க்கப்பட்ட சந்தாலியில், ஒல் சிகி எழுத்திலேயே, அரசமைப்புச் சட்டத்தைக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 2025 டிசம்பர் 25-ஆம் தேதி வெளியிட்டார். அவரது தாய்மொழி அது.

ஓர் அந்நிய நிறுவனத்தின் முயற்சியால் விளைந்த எழுத்துருவில் இந்திய அரசு பேசுவதா என்ற வினா எழாமல் இல்லை. 'முக்தா'வை உருவாக்கிய மும்பையின் எக் டைப், 'ஹிந்த்', 'பாப்பின்ஸ்' ஆகியவற்றை உருவாக்கிய ஆமதாபாத்தின் இந்தியன் டைப் ஃபவுண்டரி என்று திறமையான நிறுவனங்கள் நாட்டில் உள்ளன. உலகின் எல்லா எழுத்துகளையும் ஒரே வார்ப்பில் ஊற்றினால், ஒவ்வொன்றின் கையெழுத்து மணம் போய்விடும் என்ற குறையையும் வடிவமைப்பாளர்கள் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நோட்டோவின் உரிமம் திறந்த உரிமம். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், திருத்தலாம், திருத்தியதை அதே உரிமத்தில் வெளியிடலாம். நாளை கூகுள் கைவிட்டாலும் சி-டாக் எடுத்து நடத்தத் தடை இல்லை. பணம் கொடுத்து வாங்கிய எழுத்துருவில் அந்த உத்தரவாதம் கிடையாது.

உண்மையான கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. அரசுத் தளங்களின் முகப்பு நோட்டோவில் மிளிரலாம். உள்ளே உள்ள சுற்றறிக்கைகளில் பல, கணினியில் அடித்து, அச்செடுத்து, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, மீண்டும் ஒளிவருடி ஏற்றிய படங்கள். சாய்ந்தும் மங்கியும் கிடக்கும் அந்தப் படங்களுக்குள் எந்த எழுத்துருவும் நுழைய முடியாது; வாசிப்பு மென்பொருளும் நுழைய முடியாது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று, நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி தீர்ப்பளித்தது. அமில வீச்சால் பாதிக்கப்பட்டோரும் பார்வைக் குறைபாடு உள்ளோரும் தொடர்ந்த வழக்கு அது. அத்தீர்ப்பின் வெளிச்சத்தில், படமாக ஏற்றப்படும் ஒவ்வோர் ஆணையும் கேள்விக்குரியதே.

அதைவிடப் பெரிய இடைவெளி மொழியில். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை மத்திய அரசு வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டபோது, எட்டாவது அட்டவணையின் மொழிகள் அனைத்திலும் அதை மொழிபெயர்த்து வெளியிட வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30-ஆம் தேதி உத்தரவிட்டது. அணையும் சுரங்கமும் வரப்போகும் ஊரில் வாழ்பவருக்கு வரைவு புரிய வேண்டும் என்பதே அதன் சாரம். அதை ஏற்று நிறைவேற்றுவதற்குப் பதிலாக மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. ஆட்சிமொழிச் சட்டப்படி இந்தி, ஆங்கிலம் இரண்டில் வெளியிட்டால் போதும் என்பது அரசின் வாதம்.

அந்த வரைவு வெளியான நாளில், தமிழ் முதல் ஒல் சிகி வரை 12 எழுத்துகளுக்கும் நோட்டோ எழுத்துருக்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தன. ஐந்து ஆண்டுகள் கழித்து அரசு அந்த எழுத்துருவைத் தன்னுடையதாக அறிவித்தது. பெரும்பாலான அமைச்சகங்களின் தளங்களில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் பொத்தானை அழுத்தினால், முதலில் கண்ணில் படுபவை இன்னும் இரண்டே பெயர்கள்தான்: இந்தி, ஆங்கிலம்.